துடக்கு வீடும் கலியாண மணியும்

நான் தேவாலய மணியடிக்கப் போன கதை பக்தியில் தொடங்கவில்லை, கழிப்பறையில் தொடங்கியது. ஜிம்னேசியம் என்று இங்கே சொல்லும் உயர்தர வகுப்பில் இரண்டாம் வருடம். விபோர்க் என்ற டேனிஷ் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தினூடாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன், அடக்க முடியவில்லை. இந்த நாட்டில் கிராமத்துக் கடை மூடிக் கிடக்கும், ஆனால் தேவாலய முற்றத்துக் கழிப்பறை திறந்திருக்கும். வெளியே வந்தபோது கோபுரத்தடியில் நாலு பேர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் என் தோளைப் பார்த்துவிட்டு, கைப்பந்து விளையாடுகிறாயா என்று கேட்டார். விளையாடினேன், அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்றேன். அப்படியென்றால் எங்களுக்கு ஒரு சோடிக் கை குறைகிறது, சனிக்கிழமை வந்து பார் என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. நான் சைவம் என்று பிறகு ஒருநாள் சொன்னேன். கயிற்றுக்கு அது தெரியாது என்றார்கள்.

அந்த நாலு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் பன்றிப் பண்ணைக்காரர். ஒருவர் ஓய்வுபெற்ற பல்வைத்தியர். என் தோளைப் பார்த்தவர் ஒரு தச்சர். நாலாவது ஆள் அவருடைய மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள், இப்போது மிருக வைத்தியசாலையில் தாதி. கிழமை நாட்களில் மணியை ஒரு மோட்டார் அடிக்கும். சனிக்கிழமை மாலை, பெருநாள், கலியாணம், மரணம் என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டு நாங்கள் கையால் அடிப்போம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சிலர் மீன்பிடிக்கப் போகிறார்கள், நாங்கள் கயிறு இழுக்கிறோம்.

மணிகள் இரண்டு. பெரிய மணியைத் தச்சரின் மகள் பிடிப்பாள், சின்ன மணியை நான். சின்ன மணி அவசரக்காரி. விட்டால் தன்பாட்டில் ஓடி, பெரிய மணியின் அடிக்கு மேலேயே தன் அடியைப் போட்டுவிடும். அதைக் கொஞ்சம் அகலமாக வீசவைத்து, ஒரு இமைப்பொழுது தாமதிக்கப் பண்ணவேண்டும். மற்றப் பக்கத்தில் அவள் பெரிய மணியை இறுக்கிப் பிடிக்கவேண்டும். அப்போதுதான் ஒன்று கேட்க, மற்றது பதில் சொல்ல, ஐந்தாறு நிமிடம் அப்படியே போகும். இதற்கு எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. கயிற்றறையில் கதைக்க முடியாது, அவ்வளவு சத்தம். எனவே நாங்கள் ஒருவரின் முழங்கையை ஒருவர் பார்த்துக்கொண்டு அடிப்போம். ஐந்து வருடம் ஒருத்தியின் முழங்கையைப் பார்த்திருந்தால் அவளைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். எல்லாம் முடிந்தபின் மூன்று மூன்றாக ஒன்பது தனி அடிகள். அது செபத்துக்கானது. அந்த நேரம் பண்ணைக்காரர்கூடப் பகிடி விடமாட்டார்.

போன குளிர்காலம் அவள் கலியாணத் திகதியைச் சொன்னாள். சின்ன மணியை நீதான் அடிக்கிறாய் என்றாள். தகப்பன் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும், பல்வைத்தியருக்குத் தோளில் சத்திரசிகிச்சை. ஆக, பெரிய மணிக்குப் பண்ணைக்காரர், சின்ன மணிக்கு நான். வேறு ஆளில்லை.

"மெஷினைப் போட்டியளெண்டா நான் திரும்பி வீட்டை போயிடுவன்," என்றாள்.

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். டேனிஷில் சத்தியம் பண்ணுவது சுலபம், ஒரு கைகுலுக்கலோடு முடிந்துவிடும்.

கலியாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் சித்தப்பா இறந்தார்.

அப்பாவின் தம்பி. அவர்கள் நேரில் கண்டு பதினொரு வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பார்கள், அதுவும் ஒன்றுமில்லாத கதை. வெங்காயம் என்ன விலை, மழை பெய்ததா, பக்கத்து வீட்டு மதில் விழுந்ததா. இடையில் என்னிடம் போனைத் தரச் சொல்லி, கோபுரம் எவ்வளவு உயரம், மணி எத்தனை கிலோ என்று சித்தப்பா விசாரிப்பார். நான் மணியடிப்பதில் எங்கள் சொந்தத்துக்குள் உண்மையாக ஆர்வம் காட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

அப்பாவால் போக முடியவில்லை. மூன்று கிழமைக்கு முன்புதான் அவருடைய இருதயக் குழாயில் வலை வைத்திருந்தார்கள். இப்போதைக்கு விமானம் ஏறக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் செத்தவீட்டை நாங்கள் விபோர்க்கில், சாப்பாட்டு மேசையில், போனைச் சீனி டின்னில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். அங்கே போனைப் பிடித்திருந்த அயல்வீட்டுப் பெடியன் பாவம், அழுதுகொண்டிருந்தான். பாதி நேரம் முகட்டுக் காற்றாடியைத்தான் காட்டினான். சேமக்கலத்தின் சத்தமும் சங்கும் துண்டு துண்டாக வந்தன. அப்பா வேட்டி கட்டி, மேசைக்கு முன்னால் நின்றபடியே இருந்தார். கதிரை இருந்தும் உட்காரவில்லை. பெட்டியைத் தூக்கும்போது படம் உறைந்துவிட்டது. பிறகு வரவேயில்லை. அப்பா போனை எடுத்து, துடைத்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

அன்று குளித்துவிட்டு வந்து, சாமித்தட்டுக்குத் திரை போட்டார். வீட்டுக்குத் துடக்கு என்றார். மரணத் தீட்டு. முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, மச்சம் இறைச்சி இல்லை, நல்லது எதிலும் கலந்துகொள்வதில்லை. அவர் சவரம் செய்வதையும் நிறுத்தினார். முதியோர் இல்லத்தில் அவருடைய வேலைத்தலைவி, தாடி உனக்கு எடுப்பாக இருக்கிறது என்றாளாம். அப்பா நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்குக் கலியாணம் நினைவில் வரவில்லை. நாலாம் நாள்தான் வந்தது. நாட்காட்டியில் எண்ணிப்பார்த்தேன். ஐயமேயில்லை, முப்பத்தொரு நாளுக்கு உள்ளேதான் விழுந்தது.

எனக்கு வாய் நீளம். பொறியியல் படிக்கிறேன், துடக்கு என்பது கிருமி தெரியாத காலத்தில் யாரோ போட்ட சுகாதார விதி என்று ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். அதை அப்பாவிடம் எடுத்துவிட்டேன். வைரஸ் கடல் தாண்டி வீடியோவில் வராது என்றும் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது. அப்பா கடைசிவரை கேட்டார்.

"அது கோயிலில்லை அப்பா, சேர்ச். அவையளுக்குத் துடக்கு எண்டு ஒண்டுமில்லை."

"அவைக்கு இல்லை. உனக்கு இருக்கு."

"சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்."

"கலியாணத்துக்கு இந்த வீட்டிலையிருந்து போய் மணியடிச்சு, அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு குறை வந்தா நீ ஆருக்குப் பதில் சொல்லுவாய்?" என்றார். பிறகு குரலை இறக்கி, "எனக்குப் போகேலாமல் போச்சு. கொள்ளி வைக்கப் பக்கத்திலை நிக்கேல்லை. இங்கையிருந்து அவனுக்கு நான் செய்யிறதுக்கு இந்த முப்பத்தொரு நாள்தான் கிடக்கு. அதையும் பாதியிலை உடைக்கச் சொல்லுறியோ பிள்ளை?"

போகமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா தலையாட்டினார். அடுத்த நாள் ஓர்ஹூஸில், பல்கலைக்கழகப் படிப்பறையிலிருந்து, அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். சோதனை நெருக்குகிறது, இரண்டு சனிக்கிழமைகளும் பயிற்சிக்கு வரமாட்டேன், ஆனால் கலியாணத்தன்று கட்டாயம் நிற்பேன் என்று. ஆக, இரண்டு பக்கமும் பொய். திட்டம் எளிமையானது. அப்பாவுக்குத் தெரியாவிட்டால் அவருடைய முப்பத்தொரு நாள் உடையாது. அவளுக்குத் தெரியாவிட்டால் அவளுடைய கலியாணத்தில் நிழல் விழாது. இரண்டு பேரையும் நான் காப்பாற்றுகிறேன். அப்படித்தான் எனக்கு நானே விளங்கப்படுத்தினேன்.

சனிக்கிழமை காலை, ஓர்ஹூஸில் குழுவேலை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அம்மா ஒரு பெட்டியில் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டித் தந்தா. குழுவிலை எத்தினை பேர், காணுமோ என்று கேட்டா. நாலு பேர் என்றேன். இன்னொரு பெட்டி வந்தது. அந்த இரண்டு பெட்டிகளையும் தோள்பையில் போட்டுக்கொண்டு, புகையிரத நிலையத்துக்குப் போகாமல் கிராமத்துப் பேருந்தில் ஏறினேன். கறி இன்னும் சூடாக இருந்தது, முதுகில் தெரிந்தது.

கயிற்றறையில் பண்ணைக்காரர் முதலே நின்றார். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, வெள்ளைச் சட்டையின் கையை மடித்திருந்தார். கலியாணத்துக்கு இரண்டு தரம் அடிப்போம், பெண் உள்ளே போகமுன் ஒன்று, சோடியாக வெளியே வரும்போது ஒன்று. முதலாவதுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சின்ன யன்னலுக்குக் கீழே விருந்தாளிகள் சரளைக்கல்லில் நடக்கும் சத்தம் கேட்டது.

நான் கயிற்றைப் பிடித்தேன். இழுக்கவில்லை, பிடித்துப் பார்த்தேன். பிறகு விட்டேன். திரும்பப் பிடித்தேன். கைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அப்பா அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டை வாயில் வைக்கமுன், திரை போட்ட சாமித்தட்டைப் பார்த்து ஒரு கணம் நிற்பார். கும்பிடமாட்டார். நிற்பார். பதினெட்டு நாளும் அப்படித்தான் நின்றார்.

பண்ணைக்காரர் கை நோகிறதா என்று கேட்டார். அவ்வளவு நாளும் இறுக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த மனிதரிடம் கொட்டுப்பட்டது. சித்தப்பா, வீடியோ, முப்பத்தொரு நாள், இந்த வீட்டு ஆட்கள் கலியாணத்தில் கைவைக்கக்கூடாது என்ற விதி, எல்லாம். சிரிப்பார் அல்லது அனுதாபமாக என் முதுகைத் தட்டுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. தொழில்காரர் கேட்பதுபோலக் கேள்வி கேட்டார். எத்தனை நாள்? எந்த நாளிலிருந்து எண்ணுவது? வீட்டிலிருக்கும் எல்லாருக்குமா, இல்லை இரத்த உறவுக்கு மட்டுமா? முடிகிற நாளில் என்ன செய்வீர்கள், கழுவுவீர்களா? வீடு முழுக்கக் கழுவுவோம் என்றேன்.

"இது கராண்டேன," என்றார். நோய் பரவாமல் தனிமைப்படுத்தி வைப்பதற்கு டேனிஷ் சொல்.

அவருடைய பண்ணையில் அது இருக்கிறதாம். இன்னொரு பண்ணைக்கோ வெளிநாட்டுக்கோ போய்வந்தவன் குறித்த நேரம் கழியும்வரை பன்றிகளின் பக்கம் போகக்கூடாது. முதலாளியானாலும் கூடாது. குளித்து, உடுப்பு மாற்றித்தான் உள்ளே போகலாம்.

"பிழையா விளங்காதை. வாறவன் ஊத்தை எண்டு இல்லை. அவன் ஒரு இடத்துக்குப் போட்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான்," என்றார். "நீயும் ஒரு இடத்துக்குப் போட்டு வந்திருக்கிறாய்."

பல்கலைக்கழகத்து மூளையோடு நான் அப்பாவுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே கிருமிக் கதைதான். ஆனால் நான் அதைச் சொல்லித் துடக்கைத் தள்ளிவிடப் பார்த்தேன். இந்த மனிதர் அதையே சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் கேட்டதுதான் கஷ்டமான கேள்வி. அவளுக்குத் தெரியுமா?

இல்லை என்றேன்.

"அவளின்ரை தொழுவம். கதவைத் திறக்கிறதோ பூட்டுறதோ அவள்தான் சொல்லவேணும். நீயும் நானுமில்லை," என்று சொல்லிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தார். பதின்மூன்று நிமிடம் இருந்தது.

கோபுரப் படி செங்குத்து. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் திரும்பி ஏறலாம் என்று நினைத்தேன். அவளுடைய கார் வாசலுக்கு வெளியே, மதிலோரம் நின்றது. தகப்பன்தான் ஓட்டுனர் இருக்கையில். அவள் பின்னால், வெள்ளை உடுப்பு இருக்கை முழுவதும் பரவி, பால் பொங்கி வழிந்ததுபோல. கண்ணாடியை இறக்கினாள். என்னைக் கண்டு முதலில் சிரித்தாள், பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது அவள் கையை உயர்த்தினாள்.

"எப்ப?"

"பத்தொன்பது நாள்."

"எனக்குச் சோதினை எண்டு எழுதினாய்."

"ஓம்."

"என்ரை குதிரை செத்தண்டைக்கு நான் உனக்குத்தான் முதல் போன் எடுத்தனான். குதிரைக்கு," என்றாள். "உன்ரை சித்தப்பாவுக்கு நீ எனக்குச் சோதினை எண்டு எழுதினாய்."

தகப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் விட்டார். உன்னுடைய நாளைக் கெடுக்கக்கூடாது என்றுதான், என்றேன். நீ இங்கே நிற்பது உன் அப்பாவுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன்.

"அப்ப நீ எனக்கு அடிக்கவேண்டாம்."

"பயப்பிடுறியோ?"

"எனக்கென்ன பயம்? எனக்கு உந்த விதி ஒண்டும் இல்லை. உன்ரை அப்பாவுக்கு இருக்கு." கையிலிருந்த பூங்கொத்தை மடியில் வைத்தாள். "வீட்டுக்கு ஒளிச்சு அடிக்கிற மணிச்சத்தத்திலை நான் வெளியிலை வரமாட்டன்."

மெஷினா என்று கேட்டேன். மெஷின் என்றாள். அழவில்லை. ஐந்து வருடம் அவளுடைய முழங்கையைப் பார்த்திருக்கிறேன், அது எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை ஏற்றப்போனவள் பாதியில் நிறுத்தினாள்.

"அவருக்கு என்ன பேர்?"

சித்தப்பாவின் முழுப்பெயரைச் சொன்னேன். அவள் சொல்லிப்பார்த்தாள், பாதியில் தடக்கியது. திரும்பச் சொல்லு என்றாள். சொன்னேன். இரண்டாம் தரம் முடிவுவரை போனாள். எங்கேயோ ஒரு எழுத்து டேனிஷாகவே இருந்தது, ஆனாலும் முடிவுவரை போனாள். தகப்பனும் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதன்பின் அவர் இறங்கி, மகளின் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

நான் உள்ளே போகவில்லை. மதிலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்றேன். மணி தொடங்கியது. பெரிய மணியில் பண்ணைக்காரரின் கை கேட்டது. கொஞ்சம் கனம், ஆனால் கவனம். சின்ன மணியில் ஒருவருமில்லை, நான் திரும்பி ஏறாததால் அதற்கு மட்டும் மோட்டாரைப் போட்டிருக்கிறார். அது தன் வேகத்தில் ஓடியது. பத்து அடிக்கு ஒருக்கால் பெரியதன் தலையில் ஏறி விழுந்தது, விலகியது, திரும்ப ஏறியது. அவர் அதற்கு இடம் கொடுக்கப் பெரிய மணியை இழுத்துப் பிடித்துப் பார்த்தார், எனக்குக் கேட்டது. மோட்டார் யாருக்காகவும் நிற்காது. விருந்தாளிகளில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரியும். வாசல்படியில் அவள் ஒரு கணம் நின்று மேலே பார்த்ததைக் கண்டேன். பிறகு உள்ளே போனாள்.

அவர்கள் வெளியே வரும்வரை நின்றேன். இரண்டாம் தரமும் அப்படித்தான் அடித்தது. எல்லாரும் அரிசி எறிந்தார்கள். மாப்பிள்ளையின் காதுக்குள் போய்விட்டது போலிருக்கிறது, தலையைச் சரித்துத் தட்டினான். அவள் மனம்விட்டுச் சிரித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் புட்டுப்பெட்டியைத் திறந்தேன். ஒரு வாயும் வைக்காமல் மூடினேன்.

வீட்டில் அப்பா குசினி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டிகளையும் அவர் முன்னால் வைத்தேன். பெட்டியின் பாரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஓர்ஹூஸுக்குப் போகவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"பொய் சொல்லிப்போட்டுப் போனனி."

"ஓம்."

"அடிச்சனியோ?"

"இல்லை. அவள் விடேல்லை."

அம்மா அடுப்பை அணைத்தா. அப்பா கையிலிருந்த காயை முறிக்காமல் வைத்திருந்தார். அவளுக்கு அருவருப்பாக இருந்ததா என்று கேட்டார். அது அவருடைய பயம் என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் துடக்கை வெளியாட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று. இல்லை என்றேன். பண்ணைக்காரர் சொன்னதைச் சொன்னேன். பன்றிப் பண்ணையைச் சொல்லவா விடவா என்று யோசித்துவிட்டு, சொன்னேன்.

"ஒரு இடத்துக்குப் போட்டு வந்திருக்கிறம்," என்று அப்பா தனக்குள் சொன்னார்.

பிறகு அவள் காருக்குள் இருந்து சொன்னதை, வார்த்தை மாற்றாமல் சொன்னேன். வீட்டுக்கு ஒளித்து அடிக்கிற மணியில் வரமாட்டேன் என்றதை. உன் அப்பாவுக்கு இருக்கிறது என்றதை. மெஷின் எப்படி அடித்தது என்பதையும் சொன்னேன், அது அப்பாவுக்குத் தேவையில்லாத விபரம்தான், ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அம்மா, கேட்டதெல்லாம் காணும், பிள்ளை சாப்பிடட்டும் என்றா. அப்பாவுக்குக் கேட்கவில்லை.

"என்னாலை அந்தப் பிள்ளைக்குக் குறை வந்திட்டுது," என்றார்.

"உங்களாலை இல்லை. என்னாலை."

அதை அவர் மறுக்கவில்லை. மறுப்பார் என்று நான் நினைத்தேன்.

கொஞ்சம் பொறுத்து, அவள் சித்தப்பாவின் பெயரைக் கேட்டாள் என்றும் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்தார். பத்தொன்பது நாளும் இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு எப்போதும் "தம்பி"தான். எனக்குச் சித்தப்பா. அம்மாவுக்கு உங்கடை தம்பி. போனில் துக்கம் விசாரித்தவர்களுக்கும் அப்படித்தான்.

"சொன்னியோ?"

"சொன்னன். அவளும் சொன்னவள். முதல் தரம் வரேல்லை. ரெண்டாம் தரம் முழுக்கச் சொன்னவள். அவளின்ரை அப்பாவும் சொன்னவர்."

"சேர்ச் வாசலிலையோ?"

"வாசலுக்கு வெளியிலை. மதிலடியிலை."

அப்பா தாடியைத் தடவினார். அது பாதி வெள்ளை என்று அவருக்கே இந்தக் கிழமைதான் தெரிந்திருக்கும். ஒரு பயற்றங்காயை எடுத்தார், திரும்பவும் வைத்தார்.

"எப்பிடிச் சொன்னவள்?"

நான் அவள் சொன்னமாதிரியே, அந்த டேனிஷ் எழுத்தோடு, சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.